கிராமக் குடியரசு என்னும் கட்டுக்கதை

வெள்ளையர் வருவதற்கு முன் நம் கிராமங்கள் தமக்கு வேண்டியதைத் தாமே விளைவித்துக்கொண்டன. தம் வழக்குகளைத் தாமே தீர்த்துக்கொண்டன. டெல்லியில் யார் ஆண்டாலும் கவலைப்படாமல் நூற்றாண்டுக் கணக்கில் ஒரே மாதிரி வாழ்ந்தன. இந்த வாசகத்தைப் பஞ்சாயத்து ராஜ் விழாக்களில் கேட்கிறோம், இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் கேட்கிறோம், வார இதழ்த் தொடர்களில் படிக்கிறோம். இடதும் வலதும் அடித்துக்கொள்ளும் மேடையில்கூட, கிராமத்தின் கடந்த காலம் என்று வந்தால் இரு தரப்பும் இதே சித்திரத்தைத்தான் எடுத்து வைக்கின்றன.

இந்தச் சித்திரம் பொய். முகலாயப் பேரரசின் கிராமத்தை எடுத்துப் பார்த்தால் இதன் ஒவ்வொரு கூறும் பொய். 16, 17-ஆம் நூற்றாண்டுகளின் வருவாய்க் கணக்குகளும் அரசாணைகளும் பயணக் குறிப்புகளும் நமக்குக் கிடைத்திருக்கின்றன. அவற்றில் தென்படும் குடியானவர் சந்தை விலைக்குப் பயந்தவர், பயிரை மாற்றியவர், ஊரை விட்டுப் போனவர், துப்பாக்கி ஏந்தியவர். அவருடைய ஊருக்குள்ளேயே மேலும் கீழும் இருந்தன. அவரை அசைவற்ற ஒரு குடியரசின் பிரஜையாகக் காட்டுவது, அவர் பட்ட பாட்டையும் அவர் காட்டிய துணிவையும் ஒருசேர அழிக்கும் வேலை.

இந்தக் கருத்து பிறந்த இடம் நமக்கு அருகில்தான் இருக்கிறது. 1806-இல் அனந்தபூர்ப் பகுதியிலிருந்து எழுதிய அறிக்கையில் தாமஸ் மன்றோ, தலைவரும் பன்னிரண்டு ஊழியக்காரர்களும் கொண்ட கிராமத்தை ஒரு சிறு குடியரசுக்கு ஒப்பிட்டார். சென்னை மாகாணத்து அதிகாரிகளின் இத்தகைய குறிப்புகளைத் திரட்டிக்கொண்ட ஐந்தாம் அறிக்கை, 1812-இல் லண்டன் நாடாளுமன்றத்தின் முன் வந்தது. 1830-இல் சார்லஸ் மெட்காஃப் தம் குறிப்பில் அதைப் புகழ்பெற்ற வடிவத்துக்குக் கொண்டுவந்தார்: வம்சங்கள் சரியும், புரட்சிகள் வரும், கிராமம் மட்டும் அப்படியே நிற்கும் என்றார். 1853-இல் நியூயார்க் நாளிதழ் ஒன்றில் எழுதிய கார்ல் மார்க்ஸ் அதே சித்திரத்தை எடுத்துக்கொண்டு, தேக்கத்துக்கும் சர்வாதிகாரத்துக்கும் அதுவே அடித்தளம் என்று சாடினார். ஒருவர் மெச்சியதை இன்னொருவர் வெறுத்தார். சித்திரம் சரிதானா என்று இருவருமே சோதிக்கவில்லை.

மெட்காஃப் அந்தக் குறிப்பை எதற்காக எழுதினார் என்பதை மறந்துவிடுகிறோம். வட மாகாணங்களில் நிலவரியை ஒவ்வொரு குடியானவரிடமும் தனித்தனியாக வசூலிப்பதா, ஊர் முழுவதையும் ஒரே அலகாக வைத்து வசூலிப்பதா என்ற விவாதம் அப்போது நடந்துகொண்டிருந்தது. ஊரை அலகாக வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. கிராமம் பிரிக்க முடியாத ஒரே உடல் என்று காட்டுவது அந்தக் கட்சிக்குத் தேவைப்பட்டது. நாம் வரலாறாக எடுத்துக்கொண்டது, வரி நிர்வாகத்தில் ஒரு பக்கம் நின்று வாதாடிய அதிகாரியின் கோப்பு.

பிறகு தேசிய இயக்கம் அதை வாரிக்கொண்டது. காந்தி ஒவ்வொரு கிராமமும் குடியரசாக வேண்டும் என்றார். அது வருங்காலத்துக்கான விருப்பம்; அதில் எனக்குச் சண்டை இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் அந்த விருப்பத்தையே கடந்த காலத்தின் வரலாறாகப் படித்தார்கள். 1948 நவம்பர் 4-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் மெட்காஃபின் பெயரையே சொல்லி இந்தப் பக்தியைத் தாக்கினார். கிராமத்தின் உள்ளே இருந்த இருளை அவர் சரியாகச் சுட்டினார். ஆனால் கிராமம் எதிலும் பங்கெடுக்காமல் வெறுமனே தாக்குப்பிடித்துக் கிடந்தது என்ற மெட்காஃபின் விவரணையை அவரும் அப்படியே ஏற்றுக்கொண்டுதான் தாக்கினார். அந்த விவரணையே தவறு என்று சொல்லப் போதுமான சான்று இன்று நம் கையில் இருக்கிறது.

முதலில் தன்னிறைவு. அக்பரின் அவையில் அபுல் ஃபசல் 1590-களில் தொகுத்த அயினி அக்பரி என்ற நூலில் பக்கம் பக்கமாக அட்டவணைகள் வருகின்றன. கோதுமை, பார்லி, கொண்டைக்கடலை, நெல், சோளம், கரும்பு, பருத்தி, அவுரி, எள், கசகசா என்று சுமார் நாற்பது பயிர்களுக்கு, ஒரு பிகா நிலத்துக்கு இவ்வளவு வரி என்று வட்டாரவாரியாகக் குறித்திருக்கிறார்கள். அந்த வரி பணத்தில் குறிக்கப்பட்டது. அக்பரின் வருவாய் அமைச்சர் தோடர் மால் பெயரால் அறியப்படும் 1580-ஆம் ஆண்டு ஏற்பாடு, பத்து ஆண்டு விளைச்சலையும் பத்து ஆண்டு விலையையும் சராசரி பார்த்து இந்த வீதங்களை நிர்ணயித்தது. விலையைச் சராசரி பார்க்க வேண்டுமென்றால் விலை என்ற ஒன்று இருந்தாக வேண்டும். சந்தை இருந்தாக வேண்டும். அங்கே குடியானவரின் தானியம் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கு என்பது அக்பர் காலத்துக் கணக்கு. பின்னர் பல இடங்களில் அது பாதிவரை ஏறியது. பங்காகவே வாங்கிய இடங்களிலும் அந்தப் பங்கைச் சந்தை விலையில் பணமாக மாற்றிக் கேட்பது வழக்கமாக இருந்தது. பாதி விளைச்சலைப் பணமாக்கி வரி கட்டுகிற குடும்பத்துக்குத் தன்னிறைவு எங்கிருந்து வரும்? அறுவடை முடிந்ததும் வரி நெருக்கும். எல்லோரும் ஒரே வாரத்தில் களத்து தானியத்தை விற்க வந்தால் விலை விழும். வாங்குகிறவர் வணிகர்; விதைக்கும் மாட்டுக்கும் கடன் கொடுத்தவரும் பெரும்பாலும் அவர்தான்.

இந்த வரி எவ்வளவு நெருக்கமாக ஒரு குடியானவரின் வயலைத் தொட்டது என்பதற்கு அளவுக் கயிறு ஒன்றே போதும். அக்பரின் ஆட்சித் தொடக்கத்தில் நிலத்தைச் சணல் கயிற்றால் அளந்தார்கள். விடியற்காலையில் பனியில் நனைந்த கயிறு சுருங்கும். வெயில் ஏறினால் நீளும். சுருங்கிய கயிற்றால் அளந்தால் நிலம் கூடுதல் பிகாவாகக் கணக்கில் ஏறும், குடியானவருக்கு நஷ்டம். நீண்ட கயிற்றால் அளந்தால் அரசுக்கு நஷ்டம். வேண்டுமென்றே கயிற்றை நனைத்து வைப்பதும் நடந்தது. 1570-களில் இதை ஒழிக்க, இரும்பு வளையங்களால் கோத்த மூங்கில் கழிகளைக் கொண்டுவந்தார்கள். டெல்லியில் யார் ஆண்டாலும் கிராமத்துக்குக் கவலையில்லை என்று சொல்கிறவர்கள், அந்தக் கயிறு தம் வயலில் எந்த நேரத்தில் விழப்போகிறது என்று காத்து நின்றவரை மனத்தில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

சந்தை எவ்வளவு தூரம் எட்டியது? 1630-களின் தொடக்கத்தில் சூரத், ஆக்ரா, பாட்னா என்று அலைந்த பீட்டர் மண்டி என்ற ஆங்கிலேயர், வழியில் பஞ்சாராக்களின் கூட்டம் ஒன்றைக் கண்டார். நாம் லம்பாடிகள் என்று அழைக்கும் மக்களின் உறவினர் அவர்கள். தானியம் ஏற்றிய 14,000 காளைகள் அந்தக் கூட்டத்தில் இருந்ததாக எழுதினார். பெண்டு பிள்ளைகளோடு குடும்பமாகவே அவர்கள் பயணம் செய்தார்கள். அதுவே அவர்கள் தொழில். கிராமங்கள் விளைந்ததைத் தாமே உண்டு தீர்த்திருந்தால் அத்தனை காளைகளின் முதுகில் ஏறியது எது?

குஜராத்தைப் பாருங்கள். பருத்தியும் அவுரியும் நிறைய விளைந்த அந்த மாகாணம் கோதுமையை மால்வாவிலிருந்தும் அஜ்மீரிலிருந்தும், அரிசியைத் தக்காணத்திலிருந்தும் தருவித்துக்கொண்டது என்று அபுல் ஃபசலே எழுதியிருக்கிறார். ஒரு முழு மாகாணம் அடுத்தவர் தானியத்தை நம்பி வாழ்ந்தது. 1630 முதல் 1632 வரை மழை பொய்த்தபோது குஜராத்திலும் தக்காணத்திலும் மக்கள் கொத்துக்கொத்தாக மடிந்தார்கள். சூரத்திலிருந்து புர்ஹான்பூர் செல்லும் சாலையில் கிடந்த பிணங்களை அதே மண்டி பதிவுசெய்தார். கிராமம் தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது என்ற கதைக்கு அந்தச் சாலையில் இடமில்லை.

அவுரியின் கதை இன்னும் தெளிவானது. ஆக்ராவுக்கு அருகில் பயானா வட்டாரத்தில் விளைந்த அவுரிக்கு மேற்காசியாவிலும் ஐரோப்பாவிலும் தனி மதிப்பு. டச்சு வணிக அதிகாரி பெல்சார்ட் 1620-களில் அதை நேரில் பார்த்து எழுதினார். முதல் மழைக்கு விதைப்பார்கள். செடியை வெட்டிக் கிணறு போன்ற தொட்டியில் ஊறப்போடுவார்கள். ஊறிய நீரை வேறொரு தொட்டிக்கு இறக்கி, ஆட்கள் உள்ளே நின்று கலக்குவார்கள். நீலம் அடியில் படிந்ததும் அதை எடுத்து உருண்டை பிடித்துக் காயவைப்பார்கள். டச்சுக்காரர், ஆங்கிலேயர், ஆர்மீனியர், உள்நாட்டு வணிகர் எல்லோரும் முன்பணத்தோடு வந்து அதற்காகப் போட்டியிட்டார்கள். இடுப்பளவு நீல நீரில் நின்ற அந்தக் குடியானவரின் வருமானம் அலெப்போ நகரத்துச் சந்தையோடு முடிச்சுப் போடப்பட்டிருந்தது.

இரண்டாவது, மாறாத தன்மை. பாபர் இந்தியாவுக்குள் வந்ததும் கண்டு வியந்த விஷயங்களில் ஒன்று, இங்கே ஊர்கள் ஒரு நொடியில் காலியாகி ஒரு நொடியில் எழும்புவது. ஓட நினைத்தால் ஒன்றிரண்டு நாளில் சுவடு தெரியாமல் போய்விடுகிறார்கள். குடியேற நினைத்தால் வாய்க்கால் வெட்ட வேண்டியதில்லை, குளமோ கிணறோ தோண்டினால் போதும், புல்லுக்கும் மரத்துக்கும் பஞ்சமில்லை என்று அவர் தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். அசையாத கிராமத்தைத் தேடிப் போகிறவருக்கு முகலாயப் பேரரசின் முதல் மன்னரே முதல் மறுப்பைத் தருகிறார்.

மக்கள் ஊரைவிட்டு ஓடினார்கள் என்பதை மெட்காஃபும் மறைக்கவில்லை. ஆனால் ஆபத்து நீங்கியதும் அவர்களோ அவர்கள் பிள்ளைகளோ அதே நிலத்துக்குத் திரும்பினார்கள் என்று அவர் முடித்துக்கொண்டார். முகலாய ஆவணங்கள் வேறு ஒன்றைச் சொல்கின்றன. சொந்த ஊரில் சொந்தக் கலப்பையோடு உழுதவரை அவை குத்காஷ்த் என்றன. அயலூரில் வந்து உழுதவரைப் பாஹிகாஷ்த் என்று தனி வகையாக எழுதின. தரிசை உடைக்க ஆள் தேவைப்பட்ட இடத்தில் பாஹிகளுக்கு முதல் சில ஆண்டுகள் வரியைக் குறைத்தார்கள். சலுகை எங்கே கிடைக்கிறது என்று பார்த்துப் போனவர்களும் உண்டு, பசி துரத்தியதால் போனவர்களும் உண்டு. நிலம் மிகுதி, உழைக்கும் கை குறைவு என்ற நிலையில் ஊரை விட்டுப் போவேன் என்பதே குடியானவரின் வலுவான ஆயுதமாக இருந்தது. ஆட்சிக்கும் அது தெரியும். 1660-களில் அவுரங்கசீப் வெளியிட்ட ஆணைகள், குடியானவர்கள் ஏன் போகிறார்கள் என்று விசாரிக்கவும், நயமாகப் பேசித் திருப்பி அழைக்கவும், வசதி இருந்தும் உழ மறுப்பவரை மிரட்டவும் அடிக்கவும் அதிகாரிகளுக்குச் சொல்கின்றன. போகாத மக்களை அடித்து நிறுத்த எந்த அரசும் ஆணை எழுதுவதில்லை.

பயிரும் மாறியது. புகையிலை பற்றி அயினி அக்பரியில் பேச்சே இல்லை. பிஜாப்பூருக்குத் தூது போய்த் திரும்பிய அதிகாரி அசத் பேக் 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அதை அக்பரின் அவைக்குக் கொண்டுவந்தார். 1617-இல் ஜஹாங்கீர் அதைத் தடைசெய்தார். தடையையும் மீறி, நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பேரரசின் பல வட்டாரங்களில் குடியானவர்கள் அதைப் பயிரிட்டார்கள், லாபம் இருந்ததால். அமெரிக்காவிலிருந்து வந்த மக்காச்சோளமும் அதே நூற்றாண்டில் இங்கே வேர் பிடித்தது. பாதுஷா வேண்டாம் என்ற பயிரை லாபக் கணக்குப் பார்த்து விதைத்தவரைப் பழமையில் உறைந்தவர் என்று சொல்ல எப்படி மனம் வரும்?

வங்காளத்தில் கிராமமே புதிதாகப் பிறந்தது. கங்கையின் நீரோட்டம் கிழக்கே நகர்ந்ததும் டெல்டாவின் கிழக்குக் காடுகள் வயல்களாயின. காட்டை வெட்டி நெல் விளைவிக்க முன்வந்தவர்களுக்கு, மசூதிக்கும் கோயிலுக்கும் மானியம் என்ற பெயரில் முகலாய அதிகாரிகள் வரியில்லா நிலம் கொடுத்தார்கள். அந்த ஆவணங்களை வைத்து வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஈட்டன் 1993-இல் வெளியிட்ட நூல், உழவும் சமயமும் கைகோத்துக் காட்டுக்குள் நுழைந்த விதத்தை விரிவாகக் காட்டியது. ஆதியிலிருந்து இருப்பதாகச் சொல்லப்படும் கிராமங்களில் எத்தனையோ, தாஜ்மகாலைவிட வயதில் இளையவை.

மூன்றாவது, குடியரசு என்ற சொல். இந்தக் கட்டுக்கதையின் மிகக் கொடிய பகுதி இதுதான். முகலாயக் கிராமத்தில் முக்கத்தம் என்ற ஊர்த் தலைவர் இருந்தார், பட்வாரி என்ற கணக்கர் இருந்தார், மேலே ஜமீன்தார் இருந்தார். ஊருக்கென்று பொதுப் பணமும் இருந்தது. வரியை ஊரின்மேல் மொத்தமாகச் சுமத்தியபோது அதைத் தலைக்குத் தலை பிரித்தவர்கள் இந்தப் பெரியவர்கள்தான். தம் பங்கைக் குறைத்துச் சின்னக் குடியானவர் தலையில் ஏற்றினார்கள். இது என் ஊகம் இல்லை. 1665-இல் ரசிக்தாஸ் என்ற அதிகாரிக்கு அனுப்பிய ஆணையில் அவுரங்கசீப்பின் அரசே இதைக் குறிப்பிட்டு, ஊர்க் கணக்கைச் சோதிக்கச் சொல்கிறது. ராஜஸ்தானின் வருவாய் ஆவணங்களில் பிராமணருக்கும் ராஜபுத்திரருக்கும் ஊர்த் தலைவருக்கும் சலுகை வீதம், சாதாரணக் குடியானவருக்கு முழு வீதம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். எளியவர் கூடுதலாகவும் வலியவர் குறைவாகவும் கட்டிய ஏற்பாட்டுக்குக் குடியரசு என்று பெயர் வைத்தவர்கள், எளியவரிடம் கேட்டு வைக்கவில்லை.

அவர்களுக்கும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. வட இந்தியச் சமவெளியில் சமார் போன்ற சாதிகளைச் சேர்ந்தவர்கள் அறுவடைக்கும் களையெடுப்புக்கும் வேண்டிய கூலியாட்களாக ஊரின் விளிம்பில் வைக்கப்பட்டார்கள். தரிசு பரந்து கிடந்த காலத்தில், நிலத்துக்குப் பஞ்சமே இல்லாத காலத்தில், அவர்களிடம் நிலம் இல்லை. சாதி அவர்களை அதிலிருந்து விலக்கி வைத்தது. 1963-இல் வெளிவந்த முகலாய வேளாண் அமைப்பு பற்றிய நூலிலும் அதைத் தொடர்ந்த ஆய்வுகளிலும் வரலாற்றாசிரியர் இர்ஃபான் ஹபீப் இதை அழுத்தமாகச் சொன்னார்: மலிவான கூலிக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அவர்களுக்கு நிலம் மறுக்கப்பட்டது. தமிழகத்திலும் கதை வேறு இல்லை. பிரிட்டிஷ் ஆட்சிதான் நிலமற்ற கூலிகளை உண்டாக்கியது என்ற நம்பிக்கையை 1965-இல் தர்மா குமார் தம் ஆய்வில் கேள்விக்குள்ளாக்கினார். தஞ்சையிலும் செங்கல்பட்டிலும் பண்ணை அடிமைகளும் படியாட்களும் அதற்கு முன்பே பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள்.

நான்காவது, அரசியலில் அக்கறையின்மை. கான்பூர்ப் பக்கம் போன மண்டி, உழுதுகொண்டிருந்தவர்களின் பக்கத்தில் துப்பாக்கியும் வாளும் கேடயமும் கிடந்ததைக் கண்டார். ஜமீன்தார்கள் திரட்டக்கூடிய படையாட்களை அபுல் ஃபசல் 44 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிட்டார். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள். 1669-இல் மதுரா வட்டாரத்து ஜாட் குடியானவர்கள் கோகுலாவின் தலைமையில் கிளர்ந்து பேரரசின் படையை எதிர்த்தார்கள். 1672-இல் நார்னோலில் சத்நாமிகள் என்ற சமயப் பிரிவினர் எழுந்தார்கள். உழவரும் சிறு வியாபாரிகளுமான அவர்களை அடக்கப் பெரும் படை அனுப்ப வேண்டியிருந்தது. பேரரசு ஆட்டம் கண்டதற்குக் காரணம் தேடும் எந்த வரலாற்றாசிரியரும் இந்தக் கிளர்ச்சிகளைத் தாண்டிப் போக முடியாது.

இதற்கு வரக்கூடிய மறுப்புகளில் இரண்டு கனமானவை. குயவருக்கும் தச்சருக்கும் கொல்லருக்கும் நாவிதருக்கும் களத்திலேயே தானியம் அளந்தார்களே, அது தன்னிறைவு இல்லையா என்று கேட்கலாம். அளந்தார்கள், அது உண்மை. நகரத்திலிருந்து கிராமத்துக்குத் திரும்பி வந்த பொருளும் மிகக் குறைவு. கிராமம் கொடுத்தது அதிகம், பெற்றது சொற்பம். ஆனால் ஒருவழிப் பாதையும் பாதைதான். ஏர் செய்து தந்த தச்சருக்கு தானியமாகக் கூலி அளந்த அதே குடும்பம், மீதி தானியத்தை விற்று வெள்ளி நாணயமாக்கி வரி கட்டியது. ஊருக்குள் பண்டமாற்று, ஊருக்கு வெளியே பணம் என்ற இரண்டு உலகங்களையும் ஒரே தோளில் சுமந்தவர் அவர். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு மற்றதை இல்லை என்று சொல்லக்கூடாது.

இப்படிப் பேசினால் பிரிட்டிஷ் ஆட்சிக்கு வக்காலத்து வாங்குவதாகாதா என்பது இரண்டாவது கேள்வி. ஆகாது. 1770-இல் வங்காளத்தைச் சூறையாடிய பஞ்சத்துக்கு நடுவிலும் வரி வசூலித்த கும்பினியைக் கண்டிக்க, அதற்கு முன் சொர்க்கம் இருந்தது என்று சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. உண்மையில் அசையாத கிராமம் என்ற சித்திரம்தான் காலனி ஆட்சிக்கு வக்காலத்து வாங்கியது. தானாக அசையாத ஒன்றை அசைக்க வெளியிலிருந்து ஒரு கை வேண்டும் என்ற வாதம் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. அந்தச் சித்திரத்தைப் பெருமையாக ஏந்துகிறவர்கள், தம்மை அறியாமல் எஜமானின் வாதத்தையே சுமக்கிறார்கள்.

இன்று இது ஏன் முக்கியம்? உழவருக்குக் கட்டுப்படியான விலை வேண்டும் என்றால், அவர் காலங்காலமாகத் தன் தேவைக்கு மட்டும் விளைவித்தவர் என்று உபதேசம் செய்கிறோம். உள்ளூரில் அதிகாரம் வேண்டும் என்றால், அந்த அதிகாரம் ஊரில் யார் கையில் போய்ச் சேரும் என்று கேட்க மறுக்கிறோம். காலனியில் குடியிருக்கும் கூலித் தொழிலாளி நிலம் கேட்டால், பழைய இணக்கத்தைக் கெடுக்காதே என்கிறோம். இந்த மூன்று அநீதிகளுக்கும் மெட்காஃபின் கோப்பு இன்றுவரை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறது.

பஞ்சாயத்துக்கு அதிகாரம் வேண்டும், உள்ளூர் விதையும் உள்ளூர் உணவும் காக்கப்பட வேண்டும் என்பவர்களோடு நானும் நிற்கிறேன். அந்தக் கோரிக்கைகளுக்குப் பொய்யான பொற்காலம் ஒன்று துணைக்கு வேண்டியதில்லை. சந்தையும் அரசும் சாதியும் மும்முனையில் நெருக்கிய இடத்தில் பயிரை மாற்றி, ஊரை மாற்றி, தேவைப்பட்டபோது ஆயுதம் எடுத்து வாழ்ந்தவர்கள் அந்தக் குடியானவர்கள். நிலம் மறுக்கப்பட்டும் அந்த நிலத்தை விளைய வைத்தவர்கள் அவர்களுக்குக் கீழே இருந்த கூலிகள். கிராமத்துக்கு வருங்காலம் பேசுகிற எவரும் இவர்கள் இருவரின் கணக்கையும் முதலில் படிக்க வேண்டும். குடியரசு என்ற பெயர் அங்கே இனிமேல்தான் சம்பாதிக்கப்பட வேண்டும்.